ஒரே பலகை, இரு வீடுகள்

சிறு வீட்டில் வாழ்வதும், பழைய மரத்தில் தாமே மேசை நாற்காலி செய்துகொள்வதும் இன்று பெருமையாகப் பேசப்படுகின்றன. எளிமையைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால், அந்த மரம் யாருடையதாக இருந்தது என்று எவரும் கேட்பதில்லையே!

இவ்வாழ்வுக்கு முன்னோடியாகக் காட்டப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் தோரோ. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளக்கரையில், 1845-ஆம் ஆண்டு, 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட வீட்டைத் தம் கையாலேயே எழுப்பினார். செலவு 28 டாலர் சொச்சம். உள்ளே ஒரு கட்டில், மேசை, மூன்று நாற்காலிகள். சிலவற்றைத் தாமே செய்தார்.

பலகைகளோ பெரும்பாலும் ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் அயர்லாந்துக்காரரின் குடிசையிலிருந்து வந்தவை. அவர் இருப்புப்பாதைத் தொழிலாளி. தோரோ அக்குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளை வெயிலில் காயவைத்தார். காலின்ஸ் குடும்பமோ விடியற்காலையில் ஒற்றை மூட்டையுடன் வெளியேறியது. இதைத் தோரோ மறைக்கவில்லை. தம் நூலிலேயே எழுதிவைத்தார். மறந்தவர்கள், அவரைப் போற்றும் நாம்தாம்.

காலின்ஸ் வீட்டில் அப்பலகையின் பெயர் வறுமை; தோரோ வீட்டில் அதன் பெயர் எளிமை! இரண்டாண்டுகளுக்குப் பின், 1847-இல், தோரோ தாமே விரும்பி வெளியேறினார். காலின்ஸுக்கு அந்த உரிமை ஏது?

விரும்பி ஏற்கும் எளிமை நோன்பு. திணிக்கப்படும் எளிமை அநீதி. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ஏழைக்கு ஓர் அறையே போதும் என்று உபதேசிப்பது அறமாகுமா? பழைய மரத்தில் நாற்காலி செய்யுங்கள்; நல்லதே. அதில் அமரும்போது, அம்மரத்தை விற்றவர் இன்று எங்கே அமர்ந்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.