இருநூறு மணி நேரம், எத்தனை மாதத்தில்?

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மொத்தக் கட்டணம் எவ்வளவு, பள்ளியிடம் எத்தனை விமானம் இருக்கிறது, விடுதி உண்டா, படித்து முடித்தால் வேலை வாங்கித் தருவார்களா? பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களும் இந்தக் கேள்விகளுக்கு ஏற்றபடியே தயாராகின்றன. ஆனால் சிபிஎல் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வணிக விமானி உரிமம் வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தப் பள்ளியில் கடைசியாகப் படித்து முடித்த பத்துப் பேர், சேர்ந்த நாளிலிருந்து உரிமத்துக்கு விண்ணப்பித்த நாள்வரை எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள்? விமானங்களின் நிலை, பயிற்றுநர்களின் எண்ணிக்கை, பராமரிப்பு, அந்த ஊர் வானிலை, நிர்வாகத்தின் நேர்மை எல்லாம் இந்த ஒரு எண்ணுக்குள் வந்துவிடுகின்றன. கட்டணப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களின் கண்ணில் படாமல் போவதும் இந்த எண்தான்.

டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, சிபிஎல் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். காகிதத்தில் இது பெரிய கணக்கே அல்ல. நாளுக்கு ஒரு மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று பறந்தாலும் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். நடைமுறையில் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று இழுப்பது சாதாரணம். ஏன் என்பது பயிற்சி மைதானத்தின் ஒரு காலை நேரத்தைப் பார்த்தாலே விளங்கும். விடியும் முன்பே மாணவர்கள் பலகையின் முன் கூடிவிடுவார்கள். மாணவர் பெயர், பயிற்றுநர் பெயர், ‘விடி’ என்று தொடங்கும் விமானப் பதிவெண், புறப்படும் நேரம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். முதல் சுற்றில் பெயர் வந்த பையன் செஸ்னா 172இன் இறக்கைக்குக் கீழே நின்று, தொட்டியிலிருந்து சிறு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். எல்லாம் சரி. ஆனால் பனிமூட்டம் விலகவில்லை. விலகும் நேரத்தில் பயணிகள் விமானம் ஒன்று வருகிறது. அது இறங்கிப் போகும்வரை பயிற்சி விமானங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு வெயில் ஏறிப் பக்கக் காற்று வலுக்கிறது, புதியவர்களைத் தனியாக மேலே அனுப்ப முடியாது. விளம்பரத்தில் சொன்ன ஐந்து விமானங்களில் ஒன்று 100 மணி நேரச் சோதனைக்காக ஹேங்கருக்குள் கிடக்கிறது; இன்னொன்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கிறது. பெயர் எழுதியிருந்தவர்களில் பாதிப் பேர் பறக்காமலே விடுதிக்குத் திரும்புகிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடங்கல் இரட்டை எஞ்சின் விமானம். பல பள்ளிகளில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது படுத்துவிட்டால், கடைசிச் சில மணி நேரங்கள் மட்டும் பாக்கியுள்ள ஒரு குழு முழுவதும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே எத்தனை விமானம் இருக்கிறது என்ற கேள்விக்கு வரும் பதிலில் பயனில்லை. போன மாதம் அவற்றில் எத்தனை, எத்தனை நாள் பறந்தன என்று கேட்க வேண்டும்.

தாமதம் என்பது சும்மா காத்திருப்பதல்ல, செலவு. கட்டணமே நாற்பது, ஐம்பது லட்சத்தில்தான் தொடங்குகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். அதாவது வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ உள்ளே போய்விடுகிறது. பயிற்சி ஓராண்டு நீண்டால் அந்த ஓராண்டு வட்டி, விடுதிச் செலவு, சாப்பாடு எல்லாம் பெற்றோர் தலையில். விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அளவு பறந்திருக்க வேண்டும், திறன் சோதனைகளையும் அந்தக் காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். இடையில் பயிற்சி நின்றுபோனால், ஏற்கெனவே பணம் கட்டிப் பறந்ததையே மறுபடியும் பணம் கட்டிப் பறக்க நேரும். மூன்று வாரம் பறக்காத மாணவர் இறங்கும் கலையைப் பாதி மறந்திருப்பார் என்பது பயிற்றுநர்கள் எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, விமான நிறுவனங்களில் பதவிமூப்பு பெரும்பாலும் சேர்ந்த தேதியை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஓராண்டு பிந்திச் சேர்ந்தவர் கேப்டன் இருக்கைக்கும் பிந்தியே போவார். கட்டணத்தில் ஐந்து லட்சம் குறைவு என்று ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர், இந்தக் கணக்கையெல்லாம் கூட்டிப் பார்த்தால் லாபம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இந்தத் தாமதத்தின் மையத்தில் இருப்பது விமானத்தைவிடப் பயிற்றுநர்தான். 2021இல் பெலகாவி, ஜல்கான், கலபுரகி, கஜுராஹோ, லிலாபாரி ஆகிய ஐந்து விமான நிலையங்களிலும், அடுத்த சுற்றில் சேலம் உள்ளிட்ட வேறு ஐந்து நிலையங்களிலும் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2023இல் டிஜிசிஏ வழங்கிய சிபிஎல் 1,622. பள்ளி திறக்கலாம், கடன் வாங்கி விமானமும் வாங்கலாம். அனுபவமுள்ள பயிற்றுநரைக் கடையில் வாங்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை தலைமைப் பயிற்றுநரோ துணைத் தலைமைப் பயிற்றுநரோ ஒப்புதல் கொடுத்தால்தான் பயிற்சி விமானம் கிளம்பலாம் என்ற விதி இருந்தது. அவர் விடுப்பில் போனால் பள்ளியே நிற்கும். அந்த அதிகாரத்தை மற்றப் பயிற்றுநர்களுக்கும் கொடுத்து விதியைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான், ஆனால் ஆள் பற்றாக்குறை அதனால் தீர்ந்துவிடவில்லை. 200 மணி நேர உரிமத்தோடு நேராக ஏர்பஸ்ஸின் துணை விமானி இருக்கைக்குப் போக இந்தியாவில் வழி இருக்கும்போது, குறைந்த சம்பளத்துக்குச் சிறு ஊரில் தங்கிக் கற்பிக்க விரும்புவோர் எத்தனை பேர்? விமான நிறுவனங்கள் ஆள் எடுக்கத் தொடங்கியதும் பள்ளிகளில் பயிற்றுநர் இருக்கைகள் காலியாகும். பாதிப் பயிற்சியில் பயிற்றுநர் மாறினால், புதியவர் மாணவரை அளந்து பார்க்கவே பல சார்ட்டிகள், அதாவது பயிற்சிப் பறத்தல்கள், போய்விடும். எனவே பள்ளியைப் பார்க்கப் போகிறவர் அங்குள்ள பயிற்றுநர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், போன ஆண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதைக் கேட்காமல் திரும்பக் கூடாது. பதில் அலுவலகத்தில் கிடைக்காவிட்டாலும் விடுதியில் கிடைக்கும்.

பயிற்றுநர் உரிமத்துக்கே பள்ளி தேடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். உதவிப் பயிற்றுநர் தகுதி வாங்குவதை வேலை கிடைக்கும்வரை ஒப்பேற்றும் வழியாகவே நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். சில பள்ளிகளும் அப்படித்தான் நடத்துகின்றன. ஆனால் அது தனிக் கலை. இதுவரை இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர் இனி வலப்பக்கம் உட்கார்ந்து, கை செய்வதை வாயால் அதே நொடியில் விளக்கியபடி ஓட்டப் பழக வேண்டும். அதைவிடக் கடினம், மாணவர் தவறு செய்யும்போது எதுவரை விட்டுப்பிடிப்பது என்பது. தரைக்கு முப்பது அடி உயரத்தில் மூக்கு கொஞ்சம் அதிகமாகத் தூக்குகிறது. உடனே பிடுங்கினால் மாணவர் எதுவும் கற்கமாட்டார். ஒரு விநாடி தாமதித்தால் விமானம் தரையில் மோதும். இந்த அளவை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது. மூத்த பயிற்றுநர் ஒருவர் மாணவராக நடித்து, வேண்டுமென்றே தவறுகள் செய்து, பல முறை கூடவே பறந்துதான் அதைக் கற்பிக்க முடியும். அப்படி நேரம் ஒதுக்கக்கூடிய மூத்தவர் இருக்கிறாரா, தகுதி பெற்றபின் அதே பள்ளியில் அவருடைய மேற்பார்வையிலேயே சில நூறு மணி நேரமாவது கற்பிக்க இடம் கிடைக்குமா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. கட்டணம் அதற்குப் பிறகு.

தரவரிசை இருக்கும்போது இவ்வளவு விசாரணை எதற்கு என்று கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், பள்ளிகளைத் தரம் பிரிக்க டிஜிசிஏ 2025இல் தொடங்கியது வரவேற்க வேண்டிய வேலை. மதிப்பெண்ணில் 40 விழுக்காடு செயல்திறனுக்கும் 20 விழுக்காடு பாதுகாப்புக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதல் பட்டியலில் ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் ஆகிய இரண்டு மேல்தரங்களிலும் ஒரு பள்ளிகூட இல்லை. 13 பள்ளிகள் ஏ, 22 பள்ளிகள் பி. அந்தக் கண்டிப்பு பிடித்திருக்கிறது. ஆனால் 22 பள்ளிகள் ஒரே எழுத்துக்குள் நிற்கும்போது மாணவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? ஒரு பி பள்ளியில் பதினான்கு மாதத்தில் முடிக்கலாம், இன்னொரு பி பள்ளியில் முப்பது மாதம் ஆகலாம். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். மேலும் எழுத்து என்பது கடந்த காலத்தின் படம். பட்டியல் வந்த மறுமாதமே இரண்டு பயிற்றுநர்கள் விலகினால் பள்ளி வேறு பள்ளியாகிவிடும்.

வெளிநாடு போனால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்பது இன்னொரு வாதம். அரிசோனாவிலும் புளோரிடாவிலும் ஆண்டின் பெரும்பகுதி வானம் தெளிவாக இருக்கிறது, விமானங்களும் அதிகம், வேகமாக முடிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வு எழுத வேண்டும், மருத்துவச் சோதனையும் பறத்தல் சோதனையும் முடிக்க வேண்டும்; அந்தச் சோதனைக்காக மறுபடியும் இதே பள்ளிகளின் வரிசையில்தான் வந்து நிற்க வேண்டும். அங்குள்ள பயிற்றுநர்களும் நிலையாக இருப்பவர்கள் அல்லர். 2009இல் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்ததற்குப் பிறகு, பயணிகள் விமான நிறுவனத்தில் சேர 1,500 மணி நேரம் வேண்டும் என்று 2013இல் அமெரிக்கா விதித்தது. அந்த மணிகளைச் சேர்க்கவே இளைஞர்கள் பயிற்றுநர் ஆகிறார்கள், சேர்ந்ததும் போய்விடுகிறார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்த்துக் கற்கலாம். அங்கே முழுச் சான்று பெறும் பள்ளி, தன் மாணவர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினர் முதல் முயற்சியிலேயே தேறியதாகக் கடந்த 24 மாதக் கணக்கைக் காட்ட வேண்டும். கட்டடத்தையும் விமானத்தையும் பார்ப்பதோடு நிற்காமல் விளைச்சலையும் அளக்கிற முறை இது.

மாதக் கணக்கை அளவுகோலாக்கினால் பள்ளிகள் அவசரப்படுத்தும், பாதுகாப்பு கெடும் என்ற அச்சத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதி அருகே ஒரே பள்ளியின் இரண்டு பயிற்சி விமானங்கள் சில நாள் இடைவெளியில் விழுந்தன. டிஜிசிஏ அந்தப் பள்ளியின் பறத்தலை நிறுத்திவைத்தது. 2011இல் ராஜஸ்தானில், பறக்காத மணிகளைப் பறந்ததாக லாக்புக்கில் எழுதிக்கொடுத்த விவகாரம் வெடித்தது. பேனாவால் பறப்பது எல்லாவற்றையும்விட வேகமானது. அதனால்தான் மாதக் கணக்கைத் தனியாக விடாமல், தேர்வில் முதல் முயற்சித் தேர்ச்சி, விபத்து, விதிமீறல் விவரங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். பறக்க ஆளும் விமானமும் இல்லாமல் வாரக்கணக்கில் நிறுத்திவைத்து, வானம் தெளிந்ததும் ஒரே நாளில் மூன்று சார்ட்டி திணிக்கும் பள்ளியைவிட, வாரம் நான்கு முறை தவறாமல் மேலே அனுப்பும் பள்ளி பாதுகாப்பானது. சீராக நடப்பதற்கும் அவசரமாக நடப்பதற்கும் வேறுபாடு உண்டு.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: முழுத் தொகையை முன்கூட்டிக் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் என்ற ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி 2008 பிப்ரவரியில் திடீரென்று மூடியபோது, கடன் வாங்கி 70,000 டாலர்வரை முன்பணம் கட்டியிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். 2023இல் பிரிட்டனில் ஷோரமிலும் டண்டியிலும் இருந்த இரண்டு பள்ளிகள் அடுத்தடுத்து நொடித்தன. பறந்த மணிக்கு ஏற்பத் தவணை, குறித்த மாதத்துக்குள் குறித்த மணி தராவிட்டால் விலகிப் பணம் திரும்பப் பெறும் உரிமை, எரிபொருள் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்டால் இடம் தரமாட்டார்கள் என்று பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதுதான், தனி ஒரு குடும்பத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

அங்கேதான் டிஜிசிஏ வர வேண்டும். தரவரிசை எழுத்தோடு நான்கு எண்களையும் வெளியிட்டால் போதும்: சேர்ந்ததிலிருந்து 200 மணி முடிக்க மாணவர்கள் எடுத்துக்கொண்ட மாதங்கள், பறக்கும் நிலையிலுள்ள ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர், பயிற்றுநர்கள் சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறார்கள், பாதியில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர். வடக்கே குளிர்காலப் பனி, மேற்கே பருவமழை, எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று பள்ளிகள் கேட்கும். அந்தப் பனியில் காத்திருக்கப் போகிறவர் மாணவர். சேரும் முன்பே அது அவருக்குத் தெரிந்திருப்பதில் என்ன அநியாயம்? மாணவர்களின் லாக்புக் விவரங்கள் ஏற்கெனவே டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் பதிவாகின்றன. பெயர்களை நீக்கிக் கூட்டிப் போடுகிற வேலைதான் பாக்கி. ஏப்ரல் பட்டியலிலேயே அதைச் செய்யலாம்.