மன்னிப்புக்கு முன்னால் கணக்கு

வேலம்பாளையம் லைன் வீடுகளுக்கு நடுவே நடக்கும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டங்களில் எங்கள் சனம்தான் பாதிக்கு மேல். ஆணவக் கொலைச் செய்தி வந்த வாரமென்றால் பிரசங்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். பழிவாங்குவது கடவுளின் வேலை, நீங்கள் மன்னித்துவிடுங்கள் என்பார்கள். மில்லுக்குப் போன மகளின் பணம் வரவில்லை என்று அழுகிற தாய்க்கும் இதே பதில்தான். கடவுளோடு எங்களுக்கு வழக்கில்லை. அவர் பெயரைச் சொல்லி எங்கள் வழக்கை மூடப் பார்க்கிறவர்களோடுதான் வழக்கு.

இன்னொரு பக்கம் நம் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். பழைய ஏற்பாடு முழுக்க ரத்தம், அந்தக் கடவுள் கொடூரன், தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். போதகரும் சரி, தோழரும் சரி, அந்தத் தீர்க்கதரிசிகள் யார்மேல் கோபப்பட்டார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை.

ஆமோஸைப் பாருங்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டு. தெக்கோவா ஊரில் மந்தை மேய்த்தவர், காட்டத்திப் பழம் பறித்தவர். அவர் வாசித்த குற்றப்பத்திரிகை என்ன? ஏழையை ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு விற்கிறார்கள், தராசில் கள்ளம் செய்கிறார்கள், ஊர் வாசலில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்கிறவர்கள் கைக்கூலி வாங்குகிறார்கள் என்பதுதான். பெத்தேல் கோயிலின் ஆசாரியன் அமத்சியா உடனே ராஜாவுக்கு ஆள் அனுப்பினான். இது அரசனின் கோயில், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆமோஸை விரட்டினான். கோயிலும் அரண்மனையும் கைகோத்து நிற்பதும், கேள்வி கேட்டவனை ஊரைவிட்டு அனுப்புவதும் நமக்குப் புதிதா?

எரேமியா ராஜாவான யோயாக்கீமையே நேருக்கு நேர் கேட்டார். கூலி கொடுக்காமல் அடுத்தவனை வேலை வாங்கிக் கேதுரு மரத்தில் மாளிகை கட்டுகிறாயே, இது ராஜாவுக்கு அழகா என்றார். எங்கள் பகுதி நூற்பாலைகள் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடத்தினவே, நினைவிருக்கிறதா? மூன்று வருடம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தொகை தருவோம் என்றார்கள். சேர்ந்த பெண்களில் பெரும்பங்கு தலித் வீட்டுப் பெண்கள். உடம்பு முடியாமல் நடுவில் திரும்பிய எத்தனையோ பேருக்குத் தொகை வரவேயில்லை. எரேமியாவின் கேள்வி இங்கேதான் கேட்கப்பட வேண்டும். இங்கே அதைக் கேட்ட பிரசங்கி யார்?

எபிரேய வேதத்தில் பழிவாங்குதலுக்கு உள்ள சொல் நகாம். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் பல இடங்களில் அதற்கு நீதியைச் சரிக்கட்டுதல் என்று எழுதினார்கள். எங்கள் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயந்திரம் ஷிப்ட் கணக்குப் பார்த்து, குறைந்ததைக் கேட்டு வாங்குவது சரிக்கட்டுவது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நோட்டை மூடுவது சரிக்கட்டுவது ஆகாது. ஊர் வாசல் நீதி தராதபோதுதான் ஏழைகள் கடவுளின் நகாமைக் கூப்பிட்டார்கள்.

நம் ஊர் வாசல் என்ன செய்தது? 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். 1980இல் கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கணக்கு தீர்ந்ததா? இல்லை. 44 பேரை எரித்தவர் யார் என்று சட்டம் இன்றுவரை சொல்லவில்லை. அரிவாளால் அதைச் சொல்ல வைக்க முடியாது. நாங்கள் அரிவாளைக் கேட்காததற்குக் காரணம் இதுதான். எங்களுக்குக் கோபமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் மாவட்டத்துக்கே வருவோம். 2016 மார்ச் 13, பட்டப்பகலில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கேமரா பார்த்தது, நாடே பார்த்தது. 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் சதி நிரூபணமாகவில்லை என்று பெண்ணின் தந்தையை விடுவித்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கை, 25 ஆண்டுகள் குறைப்பில்லாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. தூக்கு குறைந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. தூக்குக் கயிறும் ஏழை வீட்டுக் கழுத்தைத்தான் முதலில் தேடும். ஆனால் சங்கரை முன்பின் அறியாத கூலிப்படைக்கு அவர்மேல் என்ன பகை? வெட்டிய கைக்குத் தண்டனை உண்டு, அனுப்பிய சாதிக்கு முகவரியே இல்லை. அந்தப் பக்கம் வெற்றாக இருக்கும்வரை எங்களை மன்னிக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

தீர்க்கதரிசிகள் சொன்னதை எல்லாம் நாங்கள் ஏற்கவில்லை. நாகூம் நினிவேயின் அழிவைக் கொண்டாடுகிறார். தெருமுனையில் மோதிக் கொல்லப்பட்ட குழந்தைகளும் அவர் பேச்சில் வருகிறார்கள். குழந்தைகளை எரித்த நெருப்பைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த நெருப்பு எதிரி வீட்டிலும் வேண்டாம்.

அதே வேதத்தில் அதே நினிவேக்கு மன்னிப்பும் கிடைக்கிறது. போதகர்களுக்குப் பிடித்த யோனா கதை. ஆனால் அதில் ஒரு பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நினிவேயின் ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கினான், இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான், அவரவர் கையிலுள்ள கொடுமையை விட்டுவிடுங்கள் என்று ஊருக்கே ஆணையிட்டான். அதற்குப் பிறகுதான் மன்னிப்பு வந்தது.

இங்கே எந்த ஊர் சாம்பலில் உட்கார்ந்தது? எந்தச் சாதிச் சங்கம் சிங்காசனத்தைவிட்டு இறங்கியது? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கும் நடுவே சுவர் எழுப்பிய திருச்சபை எப்போது இரட்டு உடுத்தியது?

அதனால் போதகரே, பழிவாங்குதல் கடவுளுடையது என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதோடு, அந்தக் கடவுள் கேட்ட கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்டு நாங்கள் தெருவில் நிற்கும்போது வந்து பக்கத்தில் நில்லுங்கள். மில்லில் பிடித்த கூலியைக் கேட்கத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அந்தத் தாயோடு போங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பதைக் கணக்குத் தீர்ந்த பிறகு நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.