சாவி யாரிடம் இருக்கிறது?

வங்கிப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும் என்பதை நம் வாடிக்கையாளர்கள் அறிவர். ஒன்று வாடிக்கையாளரிடம் இருக்கும். மற்றொன்று வங்கியிடம் இருக்கும். பெட்டக அறைக்குள் நுழைபவர் பதிவேட்டில் கையொப்பமிடுகிறார், நேரம் குறிக்கப்படுகிறது. இந்த ஒழுங்கை எவரும் தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகக் கருதுவதில்லை. தம் நகைக்கும் பத்திரத்திற்கும் கிடைத்த காவலாகவே கருதுகின்றனர்.

அதே வாடிக்கையாளரின் அலுவலக மூலையில், ரவுட்டருக்கு அருகில், ஒரு சிறு கருப்புப் பெட்டி ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். விற்பவர்கள் அதை ‘நாஸ்’ என்பர். அலுவலகத்தாருக்கு அது வெறும் ‘சர்வர்’. விற்பனைப் பட்டியல்கள், ஜி.எஸ்.டி. கணக்குகள், பணியாளரின் ஆதார் நகல்கள், ஊதிய விவரம், ஒப்பந்தங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல் என யாவும் அதில் உள்ளன. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றுதான்: “எல்லோரிடமும் இருக்கிறது.”

எல்லோரிடமும் இருக்கும் சாவி, சாவியே அன்று. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதனையே. இந்தப் பெட்டியின் நுழைவு அமைப்புகளைத் தொழில்நுட்பப் பணியாளரின் வேலை என்று ஒதுக்கிவிடுதல் தகாது. எவர் எதைப் பார்க்கலாம், எவர் எதை அழிக்கலாம் என்பது உரிமையாளர் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவு இல்லாத இடத்தில் முதலில் பாதிக்கப்படுபவர் பெரும்பாலும் நேர்மையான பணியாளரே.

ஒரு பட்டறையின் கதை

புனே அருகே போசரி தொழிற்பகுதியில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றை நாம் அறிவோம். அலுவலகத்தில் 7 பேர் பணிபுரிகின்றனர். ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வந்த அதன் உரிமையாளர், முந்தைய ஆண்டில் இருப்பு அறிக்கை தாமதமானதன் காரணத்தை விளக்கியபோது சொன்ன செய்தி இது. பெயர் வேண்டாம், ஆனால் எழுதுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கொள்முதல் பட்டியல்களும் இருப்புக் கணக்கும் இருந்த கோப்புறை காணாமற்போயிருந்தது. சர்வரின் பதிவுக்குறிப்பில், ‘அட்மின்’ அதனை அழித்ததாக மட்டுமே காணப்பட்டது. ஏழு பேரும் அந்த ஒரே பெயரில்தான் நுழைந்து வந்தனர். கடவுச்சொல் பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டப்பட்டிருந்தது. முந்தைய வாரம் ஊதிய உயர்வு குறித்து மனத்தாங்கலோடு பேசியிருந்த கணக்கர் மீது ஐயம் விழுந்தது. அவர் அங்கு 11 ஆண்டுகள் பணிபுரிந்த பெண்மணி. எவரும் அவரை நேராகக் குற்றஞ்சாட்டவில்லை; ஆயினும் கேள்விகள் மீண்டும் மீண்டும் அவரிடமே வந்தன. மாத இறுதியில் அவர் விலகிக்கொண்டார்.

நான்கு மாதங்கள் கழித்து உண்மை தெரியவந்தது. உரிமையாளரின் மகனுடைய மடிக்கணினியில் ஒத்திசைவுச் செயலி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று அவர் ஒரு கோப்புறையை நீக்கினார். செயலி இருவழி ஒத்திசைவில் இருந்தமையால், சர்வரில் இருந்த மூலக் கோப்புறையையும் அது நீக்கிவிட்டது. தம் செயலின் விளைவை மகன் அறியவேயில்லை. உரிமையாளர் கணக்கரின் வீட்டிற்குச் சென்று வருத்தம் தெரிவித்தார். அவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். ஆனால் பணிக்குத் திரும்பவில்லை.

இக்கதையில் திருடன் இல்லை, வைரஸ் இல்லை, வெளிநாட்டுக் கும்பல் இல்லை. ஏழு பேருக்கு ஏழு பெயர்கள் இருந்திருந்தால், எவருடைய கணக்கு அதனை அழித்தது என்பது 5 நிமிடத்தில் தெரிந்திருக்கும். “எங்கள் அலுவலகம் குடும்பம் போன்றது, தனித்தனிக் கடவுச்சொல் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு நம் விடையும் அதுவே. வங்கியில் காசாளர் தம் பெயரிலேயே கணினிக்குள் நுழைகிறார். மாலையில் தம் பெட்டியைத் தாமே கணக்கு முடிக்கிறார். அவரை நம்பாததால் அவ்வாறு வகுக்கப்படவில்லை. வேறொருவரின் பிழை அவர் தலையில் விழாதிருக்கவே வகுக்கப்பட்டது. நம்பிக்கை உள்ள இடத்தில்தான் தனிப்பெயர் மிகவும் தேவை.

முதலில் ஒரு தாள், பிறகு கணினி

அமைப்புத் திரையைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பணியாளர் பெயர்களையும், மேலே கோப்புறைகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விடைகளில் ஒன்றைக் குறியுங்கள்: பார்க்கவும் மாற்றவும் செய்யலாம், பார்க்க மட்டும் செய்யலாம், நுழையவே கூடாது.

ஊதியக் கோப்புறை உரிமையாளருக்கும் கணக்கருக்கும் மட்டும் உரியது. கணக்குக் கோப்புறையில் தணிக்கையாளருக்குப் பார்க்கும் உரிமை போதும். வரைபடங்களைப் பட்டறை மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும்; திருத்த வேண்டியதில்லை. ஸ்கேனருக்கும் ஒரு தனிப்பெயர் தேவை. அது ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் எழுதினால் போதும். இந்தத் தாளைத் தொழில்நுட்பப் பணியாளரிடம் கொடுத்தால் அரை நாளில் அமைத்துவிடுவார். தாள் இல்லாவிடில், அவர் தமக்கு எளிதானதைச் செய்வார். அதாவது, எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான கருவிகளில் ‘மறுப்பு’ என்பது ‘அனுமதி’யை வெல்லும். ஒருவர் இரு குழுக்களில் இருந்து, அவற்றுள் ஒன்றுக்கு மறுப்பு விதிக்கப்பட்டிருந்தால், அவரால் நுழைய இயலாது. ஆகவே மறுப்புகளை அடுக்காமல், தேவையானவர்க்கு மட்டும் அனுமதி வழங்குவதே குழப்பமற்ற வழி. நிர்வாகியின் பெயரை அன்றாடப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது; உரிமையாளருக்கும் அன்றாடத்திற்கு ஒரு சாதாரணப் பெயர் வேண்டும். ‘அட்மின்’ என்ற இயல்புப் பெயரை முடக்கிவிட்டு, வேறொரு பெயரில் நிர்வாகக் கணக்கை அமைத்தல் நலம். கதவைத் தட்டும் அயலார் முதலில் முயல்வது அந்தப் பெயரையே.

பூட்டு இறுகியபோது

2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பல அலுவலகங்களுக்கு ஓர் எதிர்பாராத பாடத்தைக் கற்பித்தது. பெயரும் கடவுச்சொல்லும் இன்றி ‘விருந்தினர்’ நிலையில் பகிரப்பட்ட கோப்புறைகளோடு இணைய, அதன் புரோ பதிப்பு இயல்பாகவே மறுத்தது. நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லை. சர்வர் பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணினர்.

பழுது சர்வரில் இல்லை; பூட்டே இல்லாத கதவு இத்தனை நாள் திறந்து கிடந்ததைக் கணினி சுட்டிக்காட்டியது. தனிப்பெயர்களை அமைப்பதே அதற்குரிய தீர்வு. ஆனால் விருந்தினர் நுழைவை மீண்டும் அனுமதிக்கும்படி விண்டோஸின் கொள்கையை மாற்றிவிட்டு, “சரியாகிவிட்டது” என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. தாழ்ப்பாள் இறுகுகிறது என்று கதவைக் கழற்றி வைத்ததற்கு ஒப்பானது அச்செயல். உங்கள் அலுவலகத்தில் அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறதா என்று இன்றே கேட்டறியுங்கள்.

அதுபோலவே, ‘எஸ்.எம்.பி. 1’ என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை இன்னும் இயங்குகிறதா என்றும் கேளுங்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் மிரட்டல் மென்பொருள், விண்டோஸில் அம்முறை சார்ந்த குறையின் வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. பழைய ஸ்கேனர் ஒன்றின் பொருட்டு அலுவலகம் முழுவதையும் அந்த ஆபத்தில் வைத்திருத்தல் அறிவுடைமை ஆகாது.

தெருவை நோக்கிய கதவு

வீட்டிலிருந்தும் கோப்புகளைப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் இயல்பானது. அதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, சேமிப்பகத்தின் நுழைவுத் திரையை நேரே இணையத்தில் வைக்கும் வழக்கம் மட்டும் ஆபத்தானது. 2021 ஏப்ரலில் ‘கியூலாக்கர்’ என்ற மிரட்டல் மென்பொருளும், 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்பதும், இணையத்திற்குத் திறந்து வைக்கப்பட்ட கியூநாப் நிறுவனச் சேமிப்பகங்களைத் தாக்கின. டெட்போல்ட் கும்பல், ஒவ்வொரு பயனரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. பெருநிறுவனங்களை மட்டும் தேடி அக்கும்பல்கள் வரவில்லை. வீடுகளும் சிறு அலுவலகங்களும் பாதிக்கப்பட்டன. திறந்திருந்த கதவே அவர்களுக்குப் போதுமான முகவரி.

இதற்கு மாற்று வழி உண்டு. வி.பி.என். வழியாக முதலில் அலுவலக வலையமைப்புக்குள் நுழைந்து, பின்னர் சேமிப்பகத்தைத் திறக்கலாம். தானாகவே போர்ட்டுகளைத் திறந்துவிடும் ‘யூ.பி.என்.பி.’ வசதியை ரவுட்டரில் அணைத்துவிடலாம். சில நிமிடங்களுக்குள் பலமுறை தவறான கடவுச்சொல் இடப்பட்டால், அந்த முகவரியைத் தடைசெய்யும் வசதி பெரும்பாலான கருவிகளில் உள்ளது, அதனை இயக்கிவிடுங்கள்.

நிர்வாகக் கணக்கிற்கேனும் இருபடி உறுதிப்படுத்தல் வேண்டும். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்குக் கூடுதல் உறுதிப்படுத்தலை இந்திய ரிசர்வ் வங்கி 2009-லேயே கட்டாயமாக்கியது. அன்று அதனைத் தொல்லை என்றவர்கள் உண்டு. இன்று ஓடிபி வராவிட்டால்தான் நமக்கு அச்சம் தோன்றுகிறது. சேமிப்பகத்திலும் அதே பழக்கம் வரும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கைப்பேசிச் செயலி தரும் எண் நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. சேமிப்பகத்தின் கடிகாரம் பிழைபட்டால், சரியான எண்ணும் ஏற்கப்படாது.

காப்பு நகலுக்கு வேறு சாவி

சேமிப்பகத்தில் இரண்டு வட்டுகள் ஒன்றன் நகலாக மற்றொன்று இயங்குவதைக் காப்பு நகல் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று உதவும் என்பது உண்மையே. ஆனால் ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அது அழியும். பட்டறையில் நிகழ்ந்தது இதுவே. பகிர்வுக் கோப்புறையின் மறுசுழற்சித் தொட்டியேனும் இயக்கப்பட்டிருந்தால், இழந்ததை அன்றே மீட்டிருக்கலாம். ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் காலவாரிப் பதிவுகள் இருந்திருந்தாலும் மீட்டிருக்கலாம்.

காப்பு நகல் வேறு கருவியில் இருக்க வேண்டும். அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். அந்தப் பெயரை அன்றாடம் எவரும் பயன்படுத்தலாகாது. ஒரே சாவி இரண்டையும் திறக்குமாயின், அதனைக் கைப்பற்றியவர் இரண்டையும் அழிப்பார். வாரம் ஒருமுறை இணைத்து, நகலெடுத்து, கழற்றி வேறிடத்தில் வைக்கும் வெளிவட்டு ஒன்றும் இருத்தல் நலம்.

இது வசதி சார்ந்த செய்தி மட்டுமன்று. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய இறுதி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். நிறுவனச் சட்டம் 8 நிதியாண்டுகளுக்கான கணக்கேடுகளைப் பேணச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. உங்கள் பெட்டியில் இருக்கும் ஆதார் நகல் உங்களுடையது அன்று. அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பிறருடைய பொருள்.

நியமனதாரர் யார்?

இறுதியாக, வங்கியில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வியை இங்கும் கேட்கிறோம்: நியமனதாரர் யார்? நிர்வாகியின் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருந்து, அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன ஆகும்? தரவு குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் திறவுகோலும் தொலைந்துவிட்டால், எந்த வல்லுநராலும் அதனைத் திறக்க இயலாது. குடும்பத்தாரும் கூட்டாளிகளும் பூட்டிய பெட்டியின் முன் நிற்க நேரிடும்.

நிர்வாகப் பெயர், கடவுச்சொல், இருபடி உறுதிப்படுத்தலுக்கான மீட்புக் குறியீடுகள், குறியாக்கத் திறவுகோல் ஆகியவற்றைத் தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டு, உங்கள் வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். பணியாளர் ஒருவர் விலகும் நாளில் அவருடைய கணக்கை முடக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, நிதியாண்டு முடியும் வாரத்தில், அந்த அனுமதித் தாளை எடுத்துச் சரிபாருங்கள்.

போசரி பட்டறையில் இப்போது ஏழு பெயர்கள் உள்ளன. மகனுக்கும் ஒன்று உண்டு. அது பார்க்க மட்டுமே அனுமதிக்கும். புதிய கணக்கர் பணியில் சேர்ந்த முதல் நாளே, உரிமையாளர் அவருடைய கடவுச்சொல்லை அவரையே இடச்செய்து, “இது எனக்கும் தெரியக் கூடாது” என்றாராம். அந்த ஒரு சொல்லை 11 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கலாம் என்பதே அவருடைய வருத்தம். நம் வாசகர்களுக்கு அந்த வருத்தம் நேராதிருக்கட்டும்.