தையல் பிரிக்கும்வரை இருங்கள்



வெளிநாட்டு மருத்துவ ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்களில் பெரும்பாலோர் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கேட்பது எல்லோரிடமும்தான்.

மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1978இல் தொடங்கியது. அதன் 'குளோபல் மெர்சி' கப்பல், ஆறு அறுவை அரங்குகளோடு 2023இல் சியரா லியோன் நாட்டின் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்தது. 2014இல் பரவிய எபோலாவுக்குத் தன் மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பலரைப் பறிகொடுத்த நாடு அது. மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கப்பலில் யாரிடமும் மதம் கேட்பதில்லை, காசும் கேட்பதில்லை. நோயாளிக்கு ரத்தம் தேவைப்பட்டால் கப்பலில் வேலை செய்பவர்களே கொடுக்கிறார்கள்.

இத்தகைய ஊழியத்துக்குச் சர்ஜன் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தீக்காயத் தழும்போடு வரும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் எரியும் அடுப்பில் தவழ்ந்துபோய் விழுந்த குழந்தை. உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் புண் ஆறும்போது தோல் சுருங்கி, முழங்கையை மடக்கியபடியே பிடித்துக்கொண்டது. தாடை மார்போடு ஒட்டிப்போன பிள்ளைகளும் உண்டு. தழும்பை வெட்டி விடுவித்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டச் சர்ஜனுக்குச் சில மணி நேரம் ஆகும். பெரிய வேலை அதற்குப் பிறகுதான். ஒட்டிய தோல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும். கை நீண்டே இருக்கச் சிம்பு கட்ட வேண்டும். வலியில் அழும் பிள்ளையைக் கெஞ்சி, விளையாட்டுக் காட்டி, தினமும் மடக்கி நீட்ட வைக்க வேண்டும். மாதக்கணக்கில் இது நடக்காவிட்டால் தோல் மறுபடியும் சுருங்கும்.

இதை நாங்கள் தவறு செய்துதான் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் நான்கு பேர் வேறொரு நாட்டில் பத்து நாள் முகாமுக்குப் போனோம். ஒன்பதாம் நாளும் ஆபரேஷன் நடந்தது. பதினோராம் நாள் விமானம் ஏறிவிட்டோம். தையல் பிரிக்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். யார் பிரிப்பார் என்று கேட்கவில்லை. ஒரு தாய் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியுமா என்றுகூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

ஆகவே, இரண்டு மாதமாவது ஒதுக்க முடிந்தவர்கள் இந்த ஊழியத்துக்கு வாருங்கள். ஒரு வாரம்தான் முடியும் என்றால், அந்தப் பயணச் செலவை நீண்ட நாள் தங்கப்போகும் ஒரு நர்ஸுக்குக் கொடுங்கள். தமிழகத்தில் பல நர்ஸுகளைத் தடுப்பது மனமில்லாமை அல்ல, கல்விக்கடன் தவணை. மருத்துவமனை நிர்வாகிகளே, சம்பளமில்லா விடுப்புக் கொடுத்து, திரும்பி வரும்வரை அவர்கள் வேலையைக் காத்து வையுங்கள். கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. காலாவதி நெருங்கிய மருந்துகளை மட்டும் மூட்டை கட்டித் தராதீர்கள். அவற்றை அழிக்கும் செலவும் அந்த ஊர் தலையில்தான் விழும்.

எங்கள் விசுவாசத்தை நாங்கள் மறைப்பதில்லை. அந்த விசுவாசம்தான் எங்களை அனுப்புகிறது. ஆனால் மயக்கம் தெளியாமல் படுத்திருப்பவரிடம் பிரசங்கம் செய்ய வருபவரை நாங்கள் அழைத்துப்போக மாட்டோம்.

நாம் திரும்பிய பிறகும் வேலை நடக்க வேண்டுமானால், போகும் ஊர்க்காரருக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் படித்தார். மானிப்பாயில் நம்மவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் ஊர் திரும்பிய பிறகும் அவருடைய மாணவர்கள் அங்கே இருந்தார்கள். நீங்களும் போகும் ஊரின் நர்ஸைப் பக்கத்தில் நிறுத்தி, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுங்கள். மொழிக்கு அஞ்ச வேண்டாம். சியரா லியோனில் பேசும் கிரியோ மொழியில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது 'அவ் டி பாடி?' என்றுதான். நம் பாட்டிமார் கேட்கும் 'உடம்பு எப்படி இருக்கு?' அதேதான்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். சியரா லியோனுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும்.