மலையைக் கேட்டுப் புறப்படுவோம்



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. அது ஆற்றில் இறங்குவோருக்கு மட்டும் சொன்ன அறிவுரை அன்று. விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்கும் காட்டுக்கும் புறப்படும் எல்லோருக்கும் பொருந்தும். படகில் போக வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், இரவில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்று ஆசைப்படுவது தவறில்லை. ஆனால் அந்த ஆசைகளைப் போகும் இடத்துக்கும், உடன் வருவோரின் வலிமைக்கும் ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்வதுதான் திட்டமிடுதல் என்பது என் கருத்து.

கனடா போன்ற நாடுகளில் குடும்பங்கள் இலேசான நீண்ட தோணியில் கூடாரத்தையும் உணவையும் ஏற்றிக்கொண்டு ஏரி விட்டு ஏரி செல்கின்றன. இடையில் தரை வந்தால் தோணியைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். படிப்பதற்கே இனிமையாக இருக்கிறது. அதே ஆசையோடுதான் எங்கள் வீட்டில் முதல் கொல்லிமலைப் பயணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். தம்பிக்குத் தூண்டில் வேண்டும். எனக்குக் கூடாரம் வேண்டும். அப்பாவுக்குப் படகு வேண்டும். பேசப் பேசத்தான், மலையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது விளங்கிற்று.

நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருப்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். அங்கே ஓடும் ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. பாறையிலும் பள்ளத்திலும் பாய்ந்து இறங்கும் ஆற்றில் தோணி விட முடியுமா? படகில்தான் போக வேண்டுமென்றால் மலைமேல் வாசலூர்பட்டியில் படகு இல்லம் இருக்கிறது. பரிசலில் ஏறும் ஆசை தீர ஒகேனக்கல்லுக்கு வேறொரு நாள் போகலாம். எல்லா ஆசையையும் ஒரே மலையில் தீர்த்துக்கொள்ள நினைப்பது மலையின் குற்றமன்று, நம் குற்றம்.

மீன் பிடிப்பதற்கு வருவோம். அருவிக்கு அருகில் அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிறது. வெட்டிய மீன் மீண்டும் பொருந்தி, உயிர் பெற்று நீந்தியது என்று அத்தலத்தின் கதை சொல்கிறது. அதனால் அங்குள்ள ஆற்று மீன்களுக்கு மக்கள் உணவு இடுகிறார்களே தவிர, அவற்றைப் பிடிப்பதில்லை. நாம் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், பிறர் புனிதமாகப் போற்றுவதை மதிப்பதே நாகரிகம். எனவே தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். மீனுக்கு உணவிட்டு, அது நீந்துவதைப் பார்ப்பதும் ஓர் இன்பமே.

கூடாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். இதை வெறும் கெடுபிடி என்று எண்ணக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேறச் சென்றிருந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆகவே வனத்துறையைக் கேளாமல் காட்டில் தங்குவது வீரம் ஆகாது. செம்மேட்டில் விடுதியில் தங்கி, விடியற்காலையில் எழுந்து பனியைப் பார்த்தாலே மனம் நிறையும்.

எல்லாவற்றிலும் முதலில் எண்ண வேண்டியது தண்ணீரைப் பற்றி. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத மேட்டில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்கக் கூடாது.

படகிலும் அப்படியே. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தினர் அவர்கள். பண்டிகை நாளன்று எத்தனை வீடுகள் இருண்டன! உயிர் காக்கும் மேலங்கியைக் காலடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது காப்பாற்றாது; ஏறுமுன்பே அணிந்து வாரை இறுக்க வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றும் படகில் ஏற மாட்டோம் என்று சொல்லும் துணிவு வேண்டும்.

"இவ்வளவு ஆபத்து இருந்தால் பெண் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது" என்று சில பெற்றோர் கூறலாம். அவர்களுடைய அச்சம் அன்பினால் வருவது. ஆனால் அச்சம் ஒருவரையும் மிதக்க வைக்காது. நீச்சல்தான் மிதக்க வைக்கும். ஊர்க் கிணற்றில் அண்ணனும் தம்பியும் நீந்தக் கற்கையில் நாம் துணி துவைக்கும் கல்லருகே நிற்கிறோம். பிறகு எப்படி நமக்கு நீச்சல் வரும்? சுற்றுலாவுக்குப் புதுத் துணி எடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மகளின் நீச்சல் பயிற்சிக்குக் கொடுங்கள் என்று பெற்றோரை வேண்டுகிறேன். நம் அருட்சகோதரியரும் இதற்கு வழி செய்தால் நன்றியுடையவர்களாய் இருப்போம்.

திட்டத்தின் அளவுகோல் குடும்பத்தில் வலிமை மிக்கவர் அல்லர், வலிமை குறைந்தவரே. ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இறங்கியவர் அத்தனையும் ஏற வேண்டும். முழங்கால் வலிக்கும் பாட்டியைத் தனியே மேலே உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஓடுவது குடும்பப் பயணமா? இருவர் இருவராக முறை வைத்துச் சென்று வரலாம். அம்மாவும் அங்கே போய் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. தினையும் சாமையும் கேழ்வரகும் விளையும் மலை அது. மலைமக்கள் விற்கும் வாழையையும் அன்னாசியையும் வாங்கினால் நமக்குப் பசி தீரும். அவர்களுக்கும் வருவாய் கிடைக்கும். நம் குப்பையை மட்டும் மறவாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே தோழியரே, அடுத்த விடுமுறைக்கு அப்பா வழியை எண்ணும்போது நாமும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அருகில் அமர்வோம். எங்கே போகிறோம் என்பதோடு, அந்த இடம் எதை அனுமதிக்கும், நம்மில் யாருக்கு எது முடியும் என்றும் கேட்போம். சிரித்துக்கொண்டு போனவர் அனைவரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்புவதுதான் நல்ல பயணம்.

— பத்தாம் வகுப்பு மாணவி