வெளியீடும் ஒரு வாக்குறுதியே

நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணைகளிலிருந்து புறப்படும் முட்டைகள், 30 குழிகள் கொண்ட அட்டைகளில் அடுக்கப்படுகின்றன. பண்ணைக் கணக்கர் அட்டைகளை எண்ணியே கணக்கெழுதுகிறார். லாரியில் ஏற்றுபவரும் இறக்குபவரும் கடைக்காரரும் அந்த எண்ணிக்கையையே நம்புகின்றனர். அட்டை செய்யும் ஆலையொன்று, யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் 28 குழிகளுடன் அட்டையை அனுப்பினால் என்னவாகும்? முட்டை கெடாது, அட்டையும் கிழியாது. ஆயினும் கணக்கு ஒவ்வோரிடத்திலும் பிழைபடும். பிழை தொடங்கிய இடத்தைக் கண்டறிவதோ அரிது.

கணினியுலகிலும் இத்தகைய அட்டைகள் உள்ளன. லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகளில், எழுத்தால் கட்டளையிட்டுப் பணிசெய்விக்கும் சிறு கருவிகள் பல. கூடுதல் விருப்பம் எதையும் குறிப்பிடாதபோது ஒரு கருவி தரும் விடை, அதன் தானமைவு வெளியீடு எனப்படும். அதனை மனிதர் மட்டுமன்றிப் பிற நிரல்களும் படிக்கின்றன. மனிதர் பொருளை நோக்குவர். நிரலோ எழுத்தை எழுத்தாகவே தேடும்.

கணினியின் வலையமைப்பு முகவரியைக் காட்டும் 'இஃப்கான்ஃபிக்' கருவி இதற்குச் சான்று. லினக்ஸில் அதன் பழைய பதிப்பு, முகவரி என்பதற்கான ஆங்கிலச் சுருக்கத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, அதன்பின் எண்களை அச்சிட்டது. புதிய பதிப்பில் அச்சுருக்கமும் முக்காற்புள்ளியும் நீங்கின. கண்ணுக்கு அது சிறு மாற்றமே. ஆனால் அச்சுருக்கத்தைத் தேடியே முகவரியை எடுத்துவந்த நிரல்களுக்கு எதுவும் கிட்டவில்லை. இத்தகைய நிரல் பெரும்பாலும் பிழையென்று அறிவிப்பதுமில்லை. வெற்று விடையை அடுத்த நிரலிடம் அமைதியாக ஒப்படைத்துவிடும். திரைக்காக எழுதப்பட்டதை நிரலுக்குத் தீனியாக்கியவர்க்கும் இதில் பங்குண்டு என்பது மெய்யே. எனினும், ஆயிரம் பேர் சாய்ந்திருக்கும் சுவரை நகர்த்துபவர் முன்னறிவிப்பின்றி நகர்த்துதல் முறையன்று.

அதற்காக, எதையுமே மாற்றலாகாது என்பதும் ஏற்கத்தக்கதன்று. கல்கத்தா நகரம் 2001இல் கொல்கத்தா எனப் பெயர் மாறியது. கணினிகள் பயன்படுத்தும் நேரமண்டலத் தரவுத்தளம், சேலத்துக் கணினிக்கும் உரிய இந்திய நேரத்தின் பெயரை 2008இல் 'ஆசியா/கொல்கத்தா' என மாற்றியது. பழைய பெயரை அழிக்காமல் புதியதற்கு இணைப்பாக வைத்ததே அதன் சிறப்பு. எந்தப் பெயரால் கேட்டாலும் நேரம் ஒன்றே. குரோம் உலாவியோ, அடையாளப் பெயர்கள் மாறலாகாது என்னும் நெறியைப் பற்றி, நெடுங்காலம் 'ஆசியா/கல்கத்தா' என்றே நிரல்களுக்கு விடையளித்து வந்தது. நகரமே மறந்த பெயரைக் கருவி மறக்காதிருப்பது சற்று மிகையே!

'எல்எஸ்' என்னும் கட்டளை, 2016இல் வெளியான பதிப்பிலிருந்து, இடைவெளியுள்ள கோப்புப் பெயர்களை மேற்கோள்குறிக்குள் காட்டத் தொடங்கியது. அதுவும் திரையில் மட்டுமே. பிற நிரலுக்குச் செல்லும் வெளியீடு பழையபடியே நின்றது. பழகிய கண்கள் முணுமுணுத்தன; நிரல்கள் முறியவில்லை. 'கிட்' கருவியின் வழி இன்னும் தெளிவானது. நிரல்களுக்கென்றே 'போர்சிலின்', அதாவது பீங்கான், என்னும் விந்தையான பெயரில் ஒரு விருப்பம் அதிலுண்டு. பதிப்புகள் மாறினும் அவ்வடிவம் மாறாதென அதன் ஆவணம் உறுதியளிக்கிறது. மனிதர் படிக்கும் வடிவத்தைத் திருத்தும் உரிமையை அதன் ஆசிரியர்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.