தண்ணீரைப் படிக்காத வனவியல் எதற்கு?

2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கின் பல பகுதிகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் வாளி, அண்டா, பழைய பெயிண்ட் டின் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் அம்மா தண்ணீர் பிடித்து வைத்தார். 15-ஆம் தேதி பொங்கல். அதற்குள் வீடு கழுவத் தண்ணீர் வந்துவிடுமா என்பதுதான் பாட்டியின் ஒரே கவலை.

எனக்கு வேறொரு கேள்வி. ஓரிடத்தில் வால்வு மாற்றினால் தீவே தவிக்கிறது என்றால், இந்தத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? தேடிப் பார்த்தேன். பினாங்கு எடுக்கும் ஆற்று நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். ஏறக்குறைய 160,000 ஹெக்டர் பரப்புள்ள காடு அது. மூடா, பெடு, அஹ்னிங் ஆகிய மூன்று அணைகளுக்கும் அதுவே நீர்ப்பிடிப்பு. நாட்டின் நெற்களஞ்சியமான மூடா வயல்வெளிக்குப் பாசனமும் அங்கிருந்துதான். அந்தக் காட்டில் மரம் வெட்ட அனுமதிக்கலாமா என்ற சர்ச்சையும், ஆற்று நீருக்குப் பினாங்கு பணம் தரவேண்டும் என்ற கெடாவின் கோரிக்கையும் பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபடுகின்றன.

நம் அரசியலமைப்பின்படி காடு மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஒரு மாநிலம் முடிவெடுக்கிறது, பக்கத்து மாநிலம் அந்த ஆற்று நீரைக் குடிக்கிறது. இடையில் நிற்பவர் ஒரு வன அதிகாரி. எந்த மரத்தை வெட்டலாம், எந்தச் சரிவில் பாதை போடலாம், ஓடைக்கரையிலிருந்து எத்தனை மீட்டர் வரை தொடக்கூடாது என்று ஆய்ந்து சொல்ல வேண்டியவர் அவர். அவர் பல்கலைக்கழகத்தில் எதைக் கட்டாயமாகப் படித்தார் என்பதற்கும் எங்கள் வீட்டு வாளிக்கும் சம்பந்தம் இருக்கிறது. உயிரியல் மாணவியான நான் வனவியல் பாடத்திட்டத்தைப் பற்றி எழுதத் துணிவது அதனால்தான்.

செர்டாங்கில் இன்று யுபிஎம் என்று நாம் அழைக்கும் பல்கலைக்கழகம் 1973-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது இருந்த மூன்று புலங்களில் ஒன்று வனவியல். நாட்டுக்கு அப்போது வெட்டுமர ஏற்றுமதி பெரிய வருமானம். வனவியல் பட்டம் என்றால் உலகெங்கும் மரத்தை வளர்ப்பது, அளப்பது, வெட்டுவது, பலகையாக்குவது ஆகியவைதான் முதுகெலும்பு. அன்றைய தேவை அது. அதைக் குறை சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை.

ஆனால் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நிரந்தரக் காப்புக் காடுகளை அவற்றின் பயனுக்கேற்ப வகை பிரிக்கச் சொல்கிறது அதன் 10-ஆவது பிரிவு. மர உற்பத்திக் காடு அந்தப் பட்டியலில் ஒரு வகை மட்டுமே. மண் பாதுகாப்பு, வெள்ளக் கட்டுப்பாடு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்குப் புகலிடம் என்று பட்டியல் நீள்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் ஒப்புக்கொண்ட இந்த வகைகளுக்குக் கட்டாயப் பாடங்களில் எவ்வளவு இடம் இருக்கிறது? மண், நீர் பற்றி ஏதாவது ஒரு பாடம் எல்லா வனவியல் பட்டங்களிலும் எங்காவது இருக்கத்தான் செய்யும். காட்டு நீரியலும் வனச் சட்டமும் கட்டாயப் பட்டியலின் நடுவில், களப்பயிற்சியோடு இருக்கவேண்டும் என்பது என் வாதம்.

பினாங்குக்காரர்களுக்கு இது புதிய விஷயமும் அல்ல. ஜார்ஜ்டவுன் உயர்நீதிமன்றத்தின் எதிரே ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறதே, அந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞர், பினாங்கு மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்தால் இங்குள்ள தட்பவெப்பம் என்ன ஆகும் என்று 1848-லேயே கட்டுரை எழுதினார். அவருக்கும் முன்பே இந்த நகரம் குடித்தது தாவரவியல் பூங்காவின் மேலே விழும் அருவி நீரை. நம்மவர்கள் அந்த வட்டாரத்துக்கு வைத்த பெயர் தண்ணீர்மலை. தைப்பூசத்துக்கு வருடாவருடம் ஏறுகிறோம், பெயரைப் பற்றி யோசிப்பதில்லை.

‘காட்டைக் காப்போம், தண்ணீரைக் காப்போம்’ என்று பதாகை பிடித்தால் போதாதா, இதற்கு ஒரு பாடம் எதற்கு என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் விஷயம் பதாகையைவிடச் சிக்கலானது. மரத்தை வெட்டினால் ஆறு உடனே வற்றிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நெகிரி செம்பிலானின் பெரெம்புன் காட்டில் 1980-களில் சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், மரம் வெட்டிய பிறகு ஓடையில் ஓடும் மொத்த நீர் கூடியது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கியிருக்கும் நீர் அப்படியே ஓடி வருகிறது, அவ்வளவுதான். அந்த நீர் எப்போது, எதைச் சுமந்துகொண்டு வருகிறது என்பதில்தான் பிரச்சினை. வெட்டிய மரத்தை இழுத்துவரக் கனரக இயந்திரம் போடும் மண்பாதை இறுகிப்போய்விடும். மழைநீர் உள்ளே இறங்காமல், மண்ணை அரித்துக்கொண்டு நேராக ஓடைக்குப் போகும். அந்தச் சேறு அணையில் படியும். கலங்கல் அளவு மீறினால் சுத்திகரிப்பு நிலையமும் திணறும். வெட்டிய மரங்களின் எண்ணிக்கையைவிட, பாதை எங்கே போகிறது, ஓடைக்கரை விடப்பட்டதா என்பதே பல இடங்களில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. இதைத் தெரிந்த அதிகாரி மரம் வெட்டும் காட்டிலும்கூட ஆற்றைக் காப்பாற்ற முடியும். தெரியாதவர் நல்ல எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

சட்டப் பாடத்துக்கும் இதே காரணம்தான். வனச் சட்டத்தை 2022-இல் நாடாளுமன்றம் திருத்தியது. காப்புக் காட்டின் தகுதியை நீக்கும் முன் பொது விசாரணை நடத்தவேண்டும் என்பது அதில் முக்கியமான மாற்றம். அந்த விசாரணையில் கிராமத்தார், ஒராங் அஸ்லி மக்கள், மீனவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லும் வேலையை மர அளவியலை மட்டும் படித்தவர் எப்படிச் செய்வார்?

வனவியல் படிக்கும் என் தோழியிடம் இதையெல்லாம் சொன்னபோது சிரித்தாள். “மொத்தம் 120 கிரெடிட். அதில் எம்பியு பாடங்கள், மொழிப் பாடம், தொழிற்பயிற்சி எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தாயா? எதை எடுக்கச் சொல்கிறாய்?”

நியாயமான கேள்வி. வெட்டுமர முறைகளை எடுக்கச் சொல்லமாட்டேன். எப்படி வெட்டுகிறார்கள் என்று தெரியாதவரால் தவறாக வெட்டுவதைக் கண்டுபிடிக்க முடியாது. மரப்பலகை, கூழ், காகிதம் பற்றிய பாடங்களைக் குறைக்கலாம். அவற்றுக்கென்றே தனிப் பட்டங்கள் வந்துவிட்டன. இங்கே மிண்டனில் உள்ள யுஎஸ்எம் உயிர்வளம், காகிதம், பூச்சுத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பட்டப் படிப்பு நடத்துகிறது. டிரோன், கார்பன் சந்தை போன்ற புதுப் பாடங்களை விருப்பப் பாடங்களாக வைக்கலாம். இப்படிச் சொன்னால் என் வயதுக்காரர்களே சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஆனால் மென்பொருள் ஐந்தாண்டில் மாறிவிடும், சரிவில் தண்ணீர் ஓடும் விதம் மாறப்போவதில்லை.

‘அப்படியானால் நீரியலையே விருப்பப் பாடமாக வைத்துவிடலாமே?’ விருப்பப் பாடங்களை நாங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று விரிவுரையாளர்களுக்குத் தெரியாததா? போன செமஸ்டரில் சனிக்கிழமை காலையில் களப்பணி உள்ள ஒரு பாடத்தை நானே தவிர்த்தேன். மழையில் நனைந்து ‘பி’ வாங்குவதைவிட அறையில் உட்கார்ந்து ‘ஏ’ வாங்கலாம் என்ற கணக்கு. சிஜிபிஏ-வைப் பார்த்து உதவித்தொகை கொடுக்கும் வரை பெரும்பாலோர் இதைத்தான் செய்வோம். இந்தியாவில் வேளாண், வனவியல் பட்டங்களுக்கான பாடத்திட்டத்தைத் திருத்திய ஐந்தாவது டீன்கள் குழு, கடைசி ஆண்டில் நேரடிப் பணி அனுபவத்தை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கியது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

இன்னொன்று, மரங்களை அடையாளம் காணும் பாடத்தை எந்தத் திருத்தத்திலும் விட்டுவிடக்கூடாது. கைப்பேசிச் செயலி பெயர் சொல்லிவிடும் என்பார்கள். ஐம்பது மீட்டர் உயரத்தில் இலை இருக்கும் மரத்தைப் பட்டையையும் பாலையும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஜெலுத்தோங் என்பதே ஒரு மரத்தின் பெயர். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய அதன் பால் ஏற்றுமதியானது. அதே ஊரில் இருபது ஆண்டுகளாக இருக்கும் எனக்கு அந்த மரத்தைக் காட்டத் தெரியாது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், எங்கள் வீட்டிலும் யுபியு விண்ணப்பத்தின்போது வனவியல் என்ற சொல்லுக்குக் கிடைத்த பதில் அதுதான். வெட்டுமரத்தை நம்பிய வேலைகள் பெருகப்போவதில்லை. நீர், வெள்ளம், மலைச்சரிவு என்று அலையும் மாநில அரசுகளுக்கும் நீர் நிறுவனங்களுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஆள் தேவைப்படும்.

பட்டப் படிப்புகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யும்போது தொழில்துறையினரின் கருத்தைப் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. அடுத்த முறை வனவியல் பாடத்திட்டம் மேசைக்கு வரும்போது, வன இலாகாவும் மர நிறுவனங்களும் உட்காரும் அந்த வரிசையில் சுங்கை டுவா போன்ற ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளர் ஒருவரையும் உட்கார வைக்கட்டும். மழை பெய்த மறுநாள் ஆற்றில் என்ன வருகிறது என்று அவர் சொல்வார்.